வண்டியிலேயே தங்கி வேலை: தொண்டி முதல் மூக்கையூர் வரை அறுந்துபோகாத இணையம் வேண்டும்

வண்டிவீடு

வணக்கம். டெம்போ டிராவலர் ஒன்றை வீடு மாதிரி மாற்றி வைத்திருக்கிறேன். கட்டில், மடக்கு மேசை, சின்ன அடுப்பு, கூரையில் 400 வாட் சோலார், உள்ளே 12 வோல்ட் 100 ஏஎச் லித்தியம் பேட்டரி. நானும் மனைவியும் தொண்டியில் ஆரம்பித்து தேவிபட்டினம், அரியமான், மண்டபம், ராமேசுவரம் போய், திரும்பி வந்து கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர் என்று கரையை ஒட்டியே மெதுவாகப் போகத் திட்டம். லீவு போட்டுவிட்டுக் கிளம்பும் பயணம் இல்லை இது, இருவரும் வேலை பார்த்துக்கொண்டேதான் போக வேண்டும். எனக்கு மென்பொருள் நிறுவனத்தில் வாடிக்கையாளர் உதவிப் பிரிவு, மாலை 4 மணிக்கு மேல் வீடியோ கூட்டம், என் திரையைப் பகிர்ந்து காட்ட வேண்டும். மனைவி ஆன்லைனில் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித் தருகிறார், அவருக்கும் அதே நேரம்தான்.

இப்போது இருப்பது இரண்டு போன், இரண்டு வேறு கம்பெனி சிம். அரியமான் பக்கம் சவுக்குத் தோப்பு ஓரம் நிறுத்திப் பார்த்தோம். போனில் டவர் முழுசாகக் காட்டுகிறது, வேகச் சோதனை போட்டால் டவுன்லோடு 30 எம்பிபிஎஸ் வருகிறது, ஆனால் கூட்டத்தில் என் குரல் உடைந்து உடைந்து போகிறது என்கிறார்கள். எனக்கு அவர்கள் பேசுவது நன்றாகக் கேட்கிறது. டூயல் சிம் ரவுட்டர் வாங்கினால் இது சரியாகுமா? 35 ஆயிரம் வரை செலவழிக்கலாம்.

ஊர்சுற்றி

ரவுட்டர் எல்லாம் எதற்கு, ஒரு சிக்னல் பூஸ்டர் வாங்கி மாட்டுங்கள், ஐந்தாயிரத்துக்கே கிடைக்கிறது. இல்லையென்றால் செயற்கைக்கோளில் இருந்து நெட் தரும் ஸ்டார்லிங்க் டிஷ். இலங்கையில் 2025 ஜூலையிலேயே வந்துவிட்டது, தனுஷ்கோடியில் இருந்து பார்த்தால் தலைமன்னார் கூப்பிடு தூரம்தானே. வெளிநாட்டில் இருந்து வரும் சொந்தக்காரர் யாராவது ஒன்றைக் கொண்டுவந்தால் வேலை முடிந்தது.

ஆன்டெனா அக்கா

ஊர்சுற்றி சொன்ன இரண்டையும் செய்யாதீர்கள். இதைப் பார்த்துவிட்டு யாராவது வாங்கிவிடப் போகிறார்கள் என்பதால் முதலில் இதற்குப் பதில்.

பூஸ்டர் என்று விற்கும் ரிப்பீட்டரைத் தனியார் உரிமமில்லாமல் வைத்திருப்பதே நம் நாட்டில் குற்றம். சட்டத்தை விடுங்கள், அது பக்கத்தில் இருக்கும் டவருக்குள் இரைச்சலைக் கொட்டும், அந்தக் கிராமத்தில் அத்தனை பேருக்கும் போன் கெடும். நாம் விருந்தாளியாகப் போகும் ஊர் அது.

ஸ்டார்லிங்குக்கு இந்தியாவில் 2025 ஜூனில் உரிமம் கிடைத்தது உண்மை. ஆனால் வெளிநாட்டில் வாங்கிய டிஷ்ஷை இங்கே கொண்டுவந்து இயக்க அந்த உரிமம் வழி விடாது. ஆகாயத்தில் செயற்கைக்கோள் தெரிந்தாலும் நிறுவனமே இடத்தைப் பார்த்துத்தான் சேவையைத் திறக்கிறது. ராமநாதபுரம் கரை எல்லைப் பகுதி மாதிரி, உச்சிப்புளியில் ஐஎன்எஸ் பருந்து கடற்படை விமான தளம், மண்டபத்தில் கடலோரக் காவல்படை. அனுமதி இல்லாத சாட்டிலைட் கருவியோடு பிடிபட்டால் நிலைமை என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் கேள்வி. அவர்கள் குரல் உங்களுக்குத் தெளிவாக வருகிறது, உங்கள் குரல் போகவில்லை. அப்படியென்றால் பிரச்சினை அப்லோடில். டவர் பல பத்து வாட் சக்தியில் அனுப்புகிறது, உங்கள் போன் அனுப்பும் சக்தி அதிகபட்சம் 0.2 வாட். அதனால்தான் தூரத்து டவர் சொல்வது உங்களுக்குக் கேட்கும், நீங்கள் சொல்வது அதற்குக் கேட்காது. அதோடு நீங்கள் உட்கார்ந்திருப்பது தகரக் கூட்டுக்குள். ஜன்னலை மூடினால் இன்னும் மோசம்.

போனில் தெரியும் கட்டங்களை நம்பாதீர்கள். ஆண்ட்ராய்டில் நெட்மான்ஸ்டர் அல்லது செல்மேப்பர் போட்டு இரண்டு எண்ணைப் பாருங்கள். ஒன்று ஆர்எஸ்ஆர்பி, சிக்னல் எவ்வளவு பலம் என்று சொல்லும். மைனஸ் 90க்குள் இருந்தால் நிம்மதி, மைனஸ் 100 வரை சமாளிக்கலாம், மைனஸ் 110ஐத் தாண்டினால் வீடியோ வேலைக்கு ஆகாது. இன்னொன்று எஸ்ஐஎன்ஆர், இரைச்சலுக்கு மேல் சிக்னல் எவ்வளவு எழுந்து நிற்கிறது என்பது. எனக்கு இரண்டாவதுதான் முக்கியம். 15க்கு மேல் அருமை, 5க்குக் கீழே போனால் பலமான சிக்னல் இருந்தும் தடுமாறும். அரியமானில் அது என்ன காட்டியது?

வண்டிவீடு

அக்கா, நன்றி. நீங்கள் சொன்னதும் அந்த ஆப் போட்டுப் பார்த்தேன், இப்போதும் அதே தோப்பு ஓரம்தான். வண்டிக்குள் மைனஸ் 108, எஸ்ஐஎன்ஆர் 2. இறங்கி நாலு அடி தள்ளி நின்றால் மைனஸ் 97, எஸ்ஐஎன்ஆர் 9. இவ்வளவு வித்தியாசமா!

ஆன்டெனா அக்கா

ஆமாம், அந்த 11 டெசிபெல் வித்தியாசம்தான் தகரம் தின்றது. பத்து டெசிபெல் என்றால் பத்து மடங்கு சக்தி. ரவுட்டர் வாங்கும் முன்னால் வெளியே ஆன்டெனா என்று முடிவு செய்துகொள்ளுங்கள். ரவுட்டர் எவ்வளவு விலை ஆனாலும் தகரத்துக்குள் வைத்தால் இதே கதிதான்.

கீழக்கரை பாய்

கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறேன், வளைகுடா நாடுகளில் இருக்கும் பிள்ளைகளோடு பேச ஊரே வீடியோ அழைப்பில்தான் இருக்கும், அதனால் இந்தப் பக்கத்து நெட் விஷயம் ஓரளவு அத்துபடி.

டூயல் சிம் ரவுட்டர் பற்றி ஒரு விஷயத்தை விற்பவர்கள் சொல்ல மாட்டார்கள். பெரும்பாலான டூயல் சிம் ரவுட்டரில் மோடம் ஒன்றுதான். ஒரு சிம் வேலை செய்யும்போது மற்றது தூங்கும். முதல் சிம் போய்விட்டால் இரண்டாவதுக்கு மாறி, டவரில் பதிந்து, நெட் வருவதற்கு அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் ஆகிவிடும், அதற்குள் கூட்டம் அறுந்துவிடும். இரண்டு இணைப்பும் ஒரே நேரத்தில் உயிரோடு இருக்க வேண்டும் என்றால் இரண்டு மோடம் வேண்டும். இரண்டு மோடம் உள்ள ரவுட்டர் உங்கள் பட்ஜெட்டைத் தாண்டிவிடும் தம்பி.

குறைந்த செலவில் ஒரு வழி: ஓபன்டபிள்யூஆர்டி என்ற இலவச ரவுட்டர் மென்பொருள் ஓடும் சாதாரண ரவுட்டர் ஒன்று, அதில் யுஎஸ்பி துளை இருக்க வேண்டும். முதல் இணைப்பு, வெளியே கம்பத்தில் மாட்டும் 4ஜி சிபிஇ, அதாவது சிம் போடும் மோடமும் ஆன்டெனாவும் ஒன்றாக இருக்கும் பெட்டி, ஈதர்நெட் கேபிளில் உள்ளே வரும். இரண்டாவது இணைப்பு, உங்கள் பழைய போன் ஒன்று, யுஎஸ்பி டெதரிங், அதாவது போனின் நெட்டைக் கேபிள் வழியே ரவுட்டருக்குக் கொடுப்பது. ரவுட்டரில் இணைப்புகளை மாற்றிவிடும் எம்வான்3 என்ற நிரலைப் போட்டால் ஒன்று போனதும் மற்றதுக்குச் சில நொடியில் மாறும். அப்போதும் ஐபி முகவரி மாறுவதால் கூட்டம் ஒருமுறை விக்கும், ஆனால் பெரும்பாலும் தானே திரும்ப இணைந்துகொள்ளும். அந்த விக்கலும் கூடாது என்றால் ஸ்பீடிஃபை மாதிரி இரண்டு இணைப்பையும் ஒன்றாகப் பின்னும் சேவை, மாதச் சந்தா கட்ட வேண்டும்.

மண்டபம் முனை

பாய் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். இரண்டு வேறு கம்பெனி சிம் என்றால் இரண்டு தனித்தனி இணைப்பு என்று நினைத்துவிடாதீர்கள். இந்தப் பக்கம் பல இடங்களில் ஒரே கோபுரத்தில்தான் இரண்டு மூன்று கம்பெனி ஆன்டெனாக்கள் தொங்குகின்றன. மின்சாரம் போய், அடியில் இருக்கும் பேட்டரியும் இறங்கினால் எல்லாம் சேர்ந்தே போகும். நிறுத்தும் இடத்தில் தலையைத் தூக்கிப் பாருங்கள், அல்லது தொலைத்தொடர்புத் துறையின் தரங் சஞ்சார் தளத்தில் அந்த இடத்தைப் போட்டால் சுற்றி என்னென்ன டவர், யாருடையது என்று வரும். ஒரு சிம் வடக்கே இருக்கும் கோபுரத்தையும் இன்னொன்று மேற்கே இருப்பதையும் பிடித்தால்தான் உண்மையில் இரண்டு வழி.

2024 நவம்பர் 20ஆம் தேதி ராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது, பாம்பன், தங்கச்சிமடம் எல்லாம் வெள்ளக்காடு. ஐப்பசி, கார்த்திகையில் வருவதாக இருந்தால் தீவுக்குள் இருக்காதீர்கள். ராமநாதபுரம் டவுன் பக்கம் ஒதுங்கி, அங்கே பைபர் இருக்கும் தங்கும் விடுதி ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கரைவலை

மீன்பிடிக் குடும்பம்தான், ஆனால் நான் வீட்டில் இருந்து டேட்டா என்ட்ரி செய்கிறேன், அதனால் நெட்டும் தெரியும் காற்றும் தெரியும்.

எங்கே நிறுத்துவது என்பதைக் காற்றைக் கேட்டு முடிவு செய்யுங்கள். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில், அதாவது சித்திரைக் கடைசியில் தொடங்கி ஆவணி வரை, மன்னார் வளைகுடாப் பக்கம் மணலை வாரி அடிக்கும், கம்பம் நிற்காது. அப்போது பாக் நீரிணைப் பக்கம் தேவிபட்டினம், திருப்பாலைக்குடி, காரங்காடு சாந்தமாக இருக்கும். வடகிழக்கு வாடை தொடங்கிவிட்டால் தலைகீழ், அந்தப் பக்கம் கொந்தளிக்கும், ஏர்வாடி, வாலிநோக்கம் பக்கம் அடங்கும். எங்கள் ஆட்கள் ஒரு கடலைப் பெண் கடல், ஒன்றை ஆண் கடல் என்று சொல்வது வெறும் பேச்சு இல்லை.

அப்புறம் சீமைக்கருவேலம். சாலையை விட்டு இறங்கினாலே அதுதான். டயருக்குள் முள் ஏறும், கூரையில் வைத்த ஆன்டெனாவைக் கிளை பிடுங்கிவிடும். வண்டியை ஓட்டும்போது ஆன்டெனாவை மடக்கி வையுங்கள்.

தென்னந்தோப்பில் நிழல் சுகமாக இருக்கும், ஆனால் சோலார் செத்துவிடும், காய் விழுந்தால் பலகையும் உடையும். ஈர ஓலைகள் சிக்னலையும் குடிக்கும். தோப்பின் ஓரத்தில், கூரையில் வெயில் விழுகிற மாதிரி நிறுத்துங்கள்.

வண்டிவீடு

கரைவலை, இதைத்தான் யாரும் சொல்லவில்லை, மிக்க நன்றி. நாங்கள் தை மாதம் கிளம்புகிறோம். அப்படியென்றால் தெற்குப் பக்கம், அதாவது மூக்கையூரில் இருந்து தொடங்கி மேலே வருவதுதான் சரி போல. திட்டத்தைத் திருப்பிவிடுகிறேன்.

பாய், கம்பத்தில் மாட்டும் சிபிஇ என்றால் கேபிள் எவ்வளவு நீளம் விடலாம்? ஆன்டெனாவை மட்டும் மேலே வைத்து ரவுட்டரை உள்ளே வைப்பது நல்லதா?

ஆன்டெனா அக்கா

இதில் பலர் பணத்தை வீணாக்குகிறார்கள், அதனால் விளக்கமாகச் சொல்கிறேன்.

ஆன்டெனா மேலே, ரவுட்டர் கீழே என்றால் நடுவில் இருக்கும் கோஆக்சியல் கேபிள் சிக்னலைச் சாப்பிடும். கடையில் கிடைக்கும் மெல்லிய ஆர்ஜி58 கேபிள் 10 மீட்டர் விட்டால், 1800 மெகாஹெர்ட்சில் 6, 7 டெசிபெல் போய்விடும். நல்ல திசை ஆன்டெனா ஒன்று தரும் ஆதாயமே 9, 10தான். தடித்த எல்எம்ஆர்400 போட்டால் இழப்பு 2 டெசிபெல்லுக்குக் கிட்டத்தட்ட நிற்கும், ஆனால் அது கம்பி மாதிரி விறைப்பு, வண்டிக் கதவோரம் வளைத்துச் செருக முடியாது. அதனால் பாய் சொன்னதே சரி. மோடமும் ஆன்டெனாவும் ஒரே பெட்டியில் கம்பத்தின் உச்சியில், கீழே வருவது ஈதர்நெட் மட்டும். அதில் இந்த இழப்பு கிடையாது. மின்சாரமும் அதே கேபிளில் ஏறும், ஆனால் பெரும்பாலான பெட்டிகள் 24 அல்லது 48 வோல்ட் கேட்கும், உங்கள் பேட்டரி 12. அதற்குத் தகுந்த கன்வெர்ட்டர் தேவை. வாங்கும்போதே பெட்டியின் அடியில் எழுதியிருக்கும் வோல்ட்டைப் பாருங்கள்.

பேண்ட் பூட்டும் வசதி, அதாவது எந்த அலைவரிசையில் மட்டும் இணைய வேண்டும் என்று நாமே நிர்ணயிக்கும் வசதி இருக்கும் சிபிஇயாகப் பார்த்து வாங்குங்கள். இந்தக் கரையில் இது ஆடம்பரம் இல்லை. காற்று அடங்கிய வெக்கை நாள்களில், முக்கியமாக இரவிலும் அதிகாலையிலும், கடல்மேல் சூடான காற்று ஒரு மூடி போலப் படிந்து, வெகுதூரத்து டவர்களின் அலைகளை இங்கே வரை இழுத்து வந்துவிடும். அனுப்புவதும் பெறுவதும் ஒரே அலைவரிசையில் மாறி மாறி நடக்கும் 2300, 2500, 3500 மெகாஹெர்ட்ஸ் பேண்டுகள்தான் இதில் அதிகம் அடிபடும். ஆர்எஸ்ஆர்பி அழகாக இருக்கும், எஸ்ஐஎன்ஆர் மட்டும் தரைக்கு வந்திருக்கும், ஒன்றும் புரியாது. அப்படி நடந்தால் பேண்ட் 40ஐ, அதாவது 2300ஐ விட்டுவிட்டு பேண்ட் 3, அதாவது 1800க்குப் பூட்டுங்கள். கிராமப்புறத்தில் அதற்கும் கீழே, ஜியோவில் பேண்ட் 5 (850), ஏர்டெல்லில் பேண்ட் 8 (900), பிஎஸ்என்எல் 4ஜியில் பேண்ட் 28 (700). வேகம் 10, 12தான் வரும், ஆனால் அசையாது. கூட்டத்துக்கு அப்லோடு 2, 3 எம்பிபிஎஸ் நிலையாக வந்தாலே போதும், 200 எம்பிபிஎஸ் 5ஜியை வைத்து என்ன செய்யப் போகிறோம்?

ஊர்சுற்றி

பூஸ்டர் பற்றி நான் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன் அக்கா, ஊர்க்காரர்கள் போன் கெடும் என்பது எனக்குப் புதுத் தகவல். ஆனால் 5ஜி வேண்டவே வேண்டாம் என்கிறீர்களா? ராமநாதபுரம், ராமேசுவரம் டவுனுக்குள் நன்றாக வருகிறதே.

ஆன்டெனா அக்கா

டவுனுக்குள் வந்தால் தாராளமாகப் பயன்படுத்துங்கள். கரையோரத் தோப்புக்குள் அதை நம்பித் திட்டம் போடாதீர்கள் என்கிறேன். 5ஜி அதிகம் ஓடும் 3500 மெகாஹெர்ட்ஸ் அலை நாலு தென்னை தாண்டினாலே களைத்துவிடும். இன்னொன்று, அளவில்லாத 5ஜி என்று வரும் பிளான்கள் போனுக்கானவை, அந்த சிம்மை ரவுட்டரில் போட்டால் அந்தச் சலுகை பொருந்துமா என்று பிளானின் விதியைப் படித்துவிட்டுப் போடுங்கள்.

கீழக்கரை பாய்

டேட்டா கணக்கையும் போட்டுவிடுவோம். வீடியோ கூட்டம் மணிக்குச் சுமார் 1 ஜிபி எடுக்கும். உங்கள் இருவருக்கும் சேர்த்து மாலையில் மட்டும் 5, 6 ஜிபி போகும், தினம் 2 ஜிபி பிளான் கூட்டத்தின் நடுவிலேயே தீர்ந்து 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும். மொத்த டேட்டா தரும் பிளான் பாருங்கள். லேப்டாப்பில் வைஃபையை மீட்டர்டு, அதாவது அளவு வைத்த டேட்டா என்று குறித்துவையுங்கள், இல்லையென்றால் விண்டோஸ் அப்டேட் எல்லாவற்றையும் விழுங்கும். மனைவி வகுப்பு எடுக்கும்போது நீங்கள் கோப்பு ஏற்றினால் அவர் படம் உறையும், அதற்கு ரவுட்டரில் நெரிசலைச் சீராகப் பங்கிடும் எஸ்க்யூஎம் என்ற அமைப்பைப் போட்டு, உண்மையில் வரும் அப்லோடு வேகத்தில் 85 சதவீதத்துக்கு வரம்பு வையுங்கள். இந்த ஒரு அமைப்புக்காகவே ஓபன்டபிள்யூஆர்டி வேண்டும் என்பேன்.

மின்சாரம் பற்றி ஒரு வார்த்தை. 12 வோல்ட் லித்தியம் பேட்டரி உண்மையில் 12.8 வோல்ட், அதனால் உங்களுடையது 1280 வாட்அவர். இரண்டு லேப்டாப், ரவுட்டர், சிபிஇ, ஒரு மின்விசிறி எல்லாம் சேர்ந்து நாளைக்கு 1400, 1500ஐத் தொடும். 400 வாட் சோலார் நல்ல வெயிலில் 1300 வரை தரும். கொஞ்சம் இழுபறிதான். இன்வெர்ட்டரை அணைத்துவிட்டு, லேப்டாப்பை 12 வோல்ட்டில் இருந்து நேரடியாக யுஎஸ்பி-சி சார்ஜரில் போடுங்கள், இன்வெர்ட்டரில் வீணாவது மிச்சம். ஓடும்போது ஆல்டர்னேட்டரில் இருந்து சார்ஜ் ஆக ஒரு டிசி-டிசி சார்ஜரும் வைத்துக்கொள்ளுங்கள்.

மண்டபம் முனை

போலீஸ் விஷயம். கம்பத்தில் வெள்ளைப் பெட்டியோடு கடற்கரையில் ஒரு வண்டி நின்றால் கடலோரப் பாதுகாப்புக் குழும ஆட்கள் வந்து கேட்பார்கள், கேட்கத்தான் வேண்டும். போய்ச் சேர்ந்த அன்றே உள்ளூர் ஸ்டேஷனில் சொல்லிவிடுங்கள், ஆதார், வண்டி ஆர்சி, வேலை பார்க்கும் நிறுவனத்தின் அடையாள அட்டை கையில் இருக்கட்டும். முடிந்தவரை யாருடைய தோப்பிலாவது அனுமதி கேட்டு, வாடகை பேசி நிறுத்துங்கள்.

தனுஷ்கோடியில் இரவு தங்க முடியாது, மாலைக்கு மேல் விடமாட்டார்கள். பகலில் போனால் அரிச்சல்முனையில் போன் இலங்கை நெட்வொர்க்கைப் பிடித்து, இலங்கைக்கு வரவேற்கிறோம் என்று குறுஞ்செய்தி வரும். நெட்வொர்க் தேர்வைத் தானியங்கியில் வைக்காமல் உங்கள் கம்பெனியைக் கையால் தேர்ந்து பூட்டுங்கள், சர்வதேச ரோமிங்கை அணையுங்கள். ரவுட்டரிலும் பார்க்கலாம், நெட்வொர்க் எண் 404 அல்லது 405 என்று தொடங்கினால் நம்முடையது, 413 என்றால் இலங்கையுடையது.

தை அமாவாசை, ஆடி அமாவாசைக்கு ராமேசுவரத்தில் கூட்டம் தாங்காது, டவர் முழுசாக இருக்கும், நெட் நகராது. சேதுக்கரை, தேவிபட்டினமும் அப்படித்தான். அந்த இரண்டு நாளும் கூட்டம் வைக்காதீர்கள், அல்லது சாயல்குடிப் பக்கம் தள்ளிப் போய்விடுங்கள்.

வண்டிவீடு

ஒரு தகவல். 4ஜி சிபிஇயும் ஓபன்டபிள்யூஆர்டி ரவுட்டரும் வாங்கி, வாலிநோக்கம் பக்கம் உப்பளத்துக்கு முன்னால் ஒரு தோட்டத்தில் அனுமதி கேட்டு நிறுத்திப் பார்த்தோம். வண்டிக்குள் போனில் மைனஸ் 112, பேசவே முடியவில்லை. கம்பத்தை 5 மீட்டர் ஏற்றி, சிபிஇயைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு நிமிடம் நிறுத்தி எஸ்ஐஎன்ஆரைப் பார்த்தேன். அதிக சிக்னல் காட்டிய திசையில் எஸ்ஐஎன்ஆர் 4தான், அதற்குக் கொஞ்சம் இடப்பக்கம், சிக்னல் 3 டெசிபெல் குறைவாக இருந்த திசையில் 14. அக்கா சொன்னது அப்போதுதான் முழுசாக விளங்கியது. பேண்ட் 3க்குப் பூட்டியதும் அப்லோடு 6 எம்பிபிஎஸ்ஸில் அசையாமல் நின்றது. மனைவி வகுப்பை முடித்துவிட்டு, 'டீச்சர், கேட்கவில்லை' என்று பிள்ளைகள் யாரும் ஒருமுறைகூடச் சொல்லவில்லை என்றார்.

ஒரே கவலை, பெட்டியின் அடியில் ஈதர்நெட் செருகும் இடத்தில் அதற்குள்ளாகவே வெள்ளையாக உப்புப் பூக்கிறது. கம்பத்தின் யு-போல்ட்டும் பழுப்பேறுகிறது.

கரைவலை

போல்ட்டை மாற்றுங்கள், 304 ரகத் துருப்பிடிக்காத ஸ்டீல் இங்கே தாங்காது, 316 ரகம் கேட்டு வாங்குங்கள். படகுச் சாமான் விற்கும் கடையில் கேட்டுப் பாருங்கள், ஹார்டுவேர் கடையில் பெரும்பாலும் 304தான் தருவார்கள். கம்பத்துக்கு மூன்று பக்கமும் நைலான் கயிறு இழுத்துக் கட்டுங்கள், காற்று பெட்டியைத் திருப்பிவிட்டால் அந்த 14 போய்விடும்.

ஆன்டெனா அக்கா

ஈதர்நெட் செருகும் இடத்தில் உள்ளே டைஎலெக்ட்ரிக் கிரீஸ், அதாவது மின்சாரம் கடத்தாத கிரீஸ் கொஞ்சம் தடவி, வெளியே தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைக் கீழிருந்து மேலாக, பாதிப் பாதி மேலேறும்படி இழுத்துச் சுற்றுங்கள், அதன்மேல் சாதாரண கறுப்பு டேப். கீழிருந்து மேலாகச் சுற்றினால்தான் மழைநீர் மடிப்புக்குள் இறங்காது. கேபிள் பெட்டிக்குள் நுழையும் முன் கீழ்நோக்கி ஒரு வளைவு தொங்கட்டும், தண்ணீர் அங்கிருந்து சொட்டிவிடும். வண்டிக்குள் நுழையும் இடத்திலும் அதே வளைவு. வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் சோலார் பலகையையும் பெட்டியையும் துடைத்துவிடுங்கள். அடுத்து ஏர்வாடிப் பக்கம் நிறுத்தும்போது இரண்டு சிம்முக்கும் எஸ்ஐஎன்ஆர் எவ்வளவு என்று இங்கே போடுங்கள், எது முதல் இணைப்பாக இருக்க வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன்.